பாளையங்கோட்டையில இருந்து மேக்க: ஒரு நடை குழுவுல சேந்து கத்துக்கிட்டது

நம்ம ஊர்ல மழை பெஞ்சு வானம் வெளுத்த காலையில மொட்டை மாடியில நின்னு மேக்க பாத்தா மலை வரிசையா நீலமா தெரியும். பொறந்ததுல இருந்து பாத்துட்டுதான் இருக்கோம். ஆனா அதுக்குள்ள நடந்து போயிருக்கீங்களான்னு கேட்டா முக்காவாசி பேரு குற்றாலம், அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு அருவின்னு வண்டில போய் இறங்கி குளிச்சிட்டு வந்த கதையைத்தான் சொல்லுவாங்க. நான் ஒரு ஆபீஸ்ல கணக்கு பாக்கேன், காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் நாற்காலிதான், கூட வேலை பாக்கிற ஒரு அக்கா ஞாயித்துக்கிழமையானா எங்கயாவது நடந்துட்டு வந்து திங்கக்கிழமை முகமெல்லாம் வெயில் பட்டு ஆனா நல்லா தெளிச்சியா வருவாங்க, அவங்ககிட்ட கேட்டு கேட்டுதான் இந்த குழுவுல சேந்தேன். மலையேறப் போற குழுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்ட் ஆன ஒரு அண்ணாச்சிதான் லீடர், ஒரு பயாலஜி டீச்சர், ரெண்டு நர்ஸ் அக்கா, செல்போன் கடை வச்சிருக்கிற ஒரு தம்பி, காலேஜ் பிள்ளைங்க கொஞ்ச பேரு, இப்படி கலந்த கூட்டம்.

சேர்ந்த உடனே மலைக்கு கூட்டிட்டு போவாங்கன்னு நெனச்சு ஷூ எல்லாம் வாங்கி ரெடியா இருந்தா, அண்ணாச்சி சொல்லிட்டாவ, "தாயி, மொதல்ல ஒரு சீசன் தரையில நடங்க, மலை எங்கயும் போயிராது." புதுசா வர்ற யாரையும் அவங்க நேரா காட்டுக்குள்ள கூட்டிட்டு போக மாட்டாங்க. ஆத்தங்கரை, குளத்தங்கரை, ஊரைச் சுத்தி இருக்கிற சின்னச் சின்ன பாறைக்குன்று, இதுலதான் மொதல் சில மாசம். இந்த ஒரு ரூல்தான் அந்த குழுவோட பெரிய பலம்னு நான் மனசார சொல்லுவேன், இதை எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். ஏன்னா இப்போ இன்ஸ்டாவுல ஒரு போஸ்டரை போட்டு, பணத்தை ஜிபே பண்ணுங்க, சனிக்கிழமை ராத்திரி வேன் கிளம்புதுன்னு முன்னப்பின்ன தெரியாத இருபது பேரை ஏத்திட்டு போறது ரொம்ப சகஜமாயிட்டு. அதுல யாருக்கு மூச்சு வாங்கும், யாருக்கு சுகர் இருக்கு, யாரு பயந்தா சத்தம் போடுவாங்க, யாரு சொன்னா கேக்க மாட்டாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எங்க குழுவுல தரையில நடக்கிற அந்த மாசங்கள்ல இதெல்லாம் தானா தெரிஞ்சிரும். நமக்கும் நம்ம உடம்பைப் பத்தி தெரிஞ்சிரும், எத்தனை மணிக்கு நமக்கு பசிக்கும், எந்த விரல்ல கொப்புளம் வரும், வெயில்ல எவ்வளவு நேரத்துல தலை வலிக்கும், இதெல்லாம் ஊர்ப்பக்கத்துலயே தெரிஞ்சுக்கிட்டா ஆட்டோ புடிச்சு வீட்டுக்கு வந்திரலாம், மலையில தெரிஞ்சா என்ன பண்றது?

மொதல்ல தாமிரபரணி ஆத்தங்கரை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆத்துக்குள்ளயே இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், வெள்ளம் வந்தா கோயில் மூழ்கிரும், 2023 டிசம்பர்ல வந்த வெள்ளத்துல அந்த பக்கம் எப்படி இருந்துச்சுன்னு பாத்தவங்களுக்கு இப்பவும் வயித்தைக் கலக்கும். அங்க இருந்து கரையோரமா மேக்க பாத்து நடந்தா மருத மரம், தென்னை, வாழைத்தோட்டம், நடுவுல நாணல் புதர்னு வரும். ஆறு பொதிகையில பொறந்து பாபநாசம், அம்பை (அம்பாசமுத்திரம்), கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி எல்லாம் தாண்டி நம்ம ஊருக்கு வந்து அப்புறம் ஸ்ரீவைகுண்டம் போயி புன்னக்காயல்ல கடல்ல சேருது. வழியில எட்டு அணைக்கட்டு, கடைசி ஸ்ரீவைகுண்டம். அந்த அணைக்கட்டுகள்ல இருந்து பிரியுற கால்வாய் கரைதான் நம்ம பக்கத்துல நடக்கிறதுக்கு ரொம்ப நல்ல பாதை, ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் வயலு, ஏத்தம் இறக்கம் கெடையாது, வழி தப்பவும் வாய்ப்பில்ல. புதுசா நடக்க ஆரம்பிக்கிறவங்க கால்வாய் கரையிலதான் ஆரம்பிக்கணும்.

ஆத்துல எறங்குறதுக்கு மட்டும் எங்க குழுவுல ரொம்ப கண்டிப்பு. மணல் அள்ளுன எடத்துல திடீர்னு ஆழமா இருக்கும், மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது, அணையில தண்ணி தொறந்தா ஒரு மணி நேரத்துல முழங்கால் தண்ணி இடுப்புக்கு வந்திரும். ஊர்க்காரங்க குளிக்கிற படித்துறையில மட்டும்தான் எறங்கணும், அங்க யாராவது குளிச்சிட்டு இருந்தா அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டு எறங்கணும். நல்லா நீச்சல் தெரிஞ்ச காலேஜ் பசங்களுக்கும் இதே ரூல்தான், அண்ணாச்சி இதுல யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டாவ.

எனக்கு ரொம்ப புடிச்ச நடை மருகால்தலை. சீவலப்பேரி பக்கத்துல இருக்கு, சிற்றாறு வந்து தாமிரபரணியில சேருற எடம் சீவலப்பேரி. பாளையங்கோட்டையில இருந்து டவுன் பஸ்லயே போயிரலாம், வெள்ளன போனா வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிரலாம். அங்க பூவிலுடையார் மலைன்னு ஒரு பாறைக்குன்று, மலைன்னு பேருதான், ஏறுறதுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. மேல ஒரு குகை, அதுக்குள்ள பாறையிலயே படுக்கை மாதிரி வெட்டி வச்சிருக்காங்க, குகை நெத்தியில ஒரு வரி தமிழ் பிராமி எழுத்து, அந்த காலத்துல தமிழை எழுதுன பழைய எழுத்து அது. காசிபன்னு ஒருத்தர் குடுத்த கல் படுக்கைன்னு அதுல எழுதியிருக்கு, 2000 வருசத்துக்கும் மேல பழசு. டீச்சர் அதை ஒவ்வொரு எழுத்தா விரல்ல காத்துல எழுதி காட்டுனாங்க, பாறையைத் தொடக்கூடாது, நம்ம கை எண்ணெயும் வேர்வையும் பட்டா எழுத்து கெட்டுப்போகும்னு சொன்னாங்க. மழைக்காலம் நாலு மாசம் ஒரே எடத்துல தங்குற சமண துறவிகளுக்காக இந்த மாதிரி குகைகளை செஞ்சு குடுத்திருக்காங்க. அந்த காலத்துல ஒரு மனுசன் நடந்து வந்து, மழைக்கு ஒதுங்கி, இந்த கல்லுல படுத்திருக்காருன்னு நெனச்சா எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு, நான் பொறந்து வளந்த ஊர்ல இருந்து பதினஞ்சு கிலோமீட்டர் கூட இருக்காது, ஸ்கூல்ல ஒரு தடவை கூட யாரும் கூட்டிட்டு போகல. ஊட்டிக்கு டூர் போன செலவுல பத்துல ஒரு பங்கு ஆகியிருக்காது. நடக்கிற குழுவுல சேந்ததுல எனக்கு கெடைச்ச பெரிய லாபமே இதுதான்னு சொல்லலாம், தூரத்து மலையை பாத்துட்டே கிட்ட இருக்கிறதை தாண்டி தாண்டி போயிட்டு இருந்திருக்கோம்.

அங்க போறவங்க ஷூ விஷயத்துல கவனமா இருங்க. நம்ம கரிசல், செம்மண் காட்டுல எங்க பாத்தாலும் உடை மரம், சீமை உடை முள்ளு விழுந்து கெடக்கும், மெல்லிசா ஸ்பாஞ்ச் மாதிரி அடி இருக்கிற ரன்னிங் ஷூவுல அந்த முள்ளு நேரா உள்ள ஏறிரும். ரொம்ப விலை குடுத்து ட்ரெக்கிங் ஷூ வாங்கணும்னு இல்ல, அடி கெட்டியா, கட்டம் கட்டமா பள்ளம் வெட்டுன ஷூவா இருந்தா போதும், அரை சைஸ் பெருசா வாங்குங்க, சாயங்காலம் போய் வாங்குங்க, ஏன்னா நாள் பூரா நின்னு நடந்த பொறவு கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், அந்த அளவுதான் மலை எறங்கும்போது இருக்கிற அளவு. புது ஷூவை மலைக்கு போட்டுட்டு போகாதீங்க, ஒரு மாசமாவது ஊர்ல போட்டு நடந்து பழக்குங்க. நகத்தை மொத நாளே வெட்டிருங்க, எறங்கும்போது பெருவிரல் போயி ஷூ முனையில இடிச்சு இடிச்சு நகம் கறுத்துப் போகுறதெல்லாம் இதனாலதான்.

கூந்தன்குளம் பத்தி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, நாங்குநேரி பக்கம், 1994ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சது, 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேத்தாச்சுன்னு அறிவிப்பு வந்துச்சு. பூநாரை, கூழைக்கடா, இமயமலையைத் தாண்டி வர்ற வரித்தலை வாத்து எல்லாம் வரும். அந்த ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடி போடுறதில்ல. குளத்தங்கரையில நடக்கிறது சுலபம், ஜனவரி பிப்ரவரியில போங்க, பளிச்சுன்னு சிவப்பு மஞ்சள் போட்டுட்டு போகாதீங்க, அவ்வளவுதான்.

வெயிலைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம பக்கத்துல ஆளை சாய்க்கிறது முக்காவாசி வெயில்தான். பாளையங்கோட்டையில மார்ச் கடைசியில இருந்தே மண்டை காயும், மே மாசம் 40 டிகிரியை தாண்டுற நாள் உண்டு. எங்க குழு கோடையில காலை அஞ்சரைக்கு நடக்க ஆரம்பிச்சு ஒம்பதுக்குள்ள முடிச்சிரும். ஒரு ஆளுக்கு அரை நாள் நடைக்கு குறைஞ்சது ரெண்டு லிட்டர் தண்ணி, வெயில் காலம்னா மூணு. வெறும் தண்ணியா குடிச்சிட்டே இருந்தா பத்தாது, வேர்வையில உப்பு போகுதுல்லா, அதனால ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரை கரைசல்) பாக்கெட் ஒண்ணை ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி ஒரு பாட்டில் தனியா வச்சுக்கணும், பாக்கெட்ல போட்டிருக்கிற அளவை மாத்தக்கூடாது. நர்ஸ் அக்கா ஒருத்தங்க சொல்லிக்குடுத்தது: கூட வர்றவங்க பேச்சு குழறுதா, வேர்வை நின்னு தோல் சூடா காய்ஞ்சு இருக்கா, எங்க இருக்கோம்னு தெரியாம முழிக்கிறாங்களா, அப்போ நடைக்கு அங்கயே முற்றுப்புள்ளி, நிழல்ல படுக்க வச்சு தண்ணியால உடம்பை நனைச்சு விசிறிக்கிட்டே 108க்கு போன் போடணும். மயக்கத்துல இருக்கிறவங்க வாயில தண்ணி ஊத்தக்கூடாது.

சாப்பாட்டுக்கு நம்ம ஊர் சாப்பாட்டை மிஞ்ச ஒண்ணுமில்ல. இட்லியில மிளகாப்பொடி நல்லெண்ணெய் ரெண்டு பக்கமும் தடவி வாழை இலையில கட்டினா மத்தியானம் வரைக்கும் தாங்கும், புளியோதரையும் தாங்கும். கையில கோவில்பட்டி கடலைமிட்டாய், ஒரு துண்டு கருப்பட்டி. சட்னி, சாம்பார் வேண்டாம், கெட்டுப்போகும்.

இப்போ மலைக்கு வாறேன். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்துல பெரும்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம் இதுதான், 1988ல வந்துச்சு. அதாவது வனத்துறை அனுமதி இல்லாம உள்ள காலடி வைக்கிறது வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி குற்றம். "எங்க மாமாவுக்கு அங்கன ஆள் தெரியும், பின்வழியா போயிரலாம்"னு யாராவது சொன்னா அந்த குரூப்பை விட்டு அன்னைக்கே வெளிய வந்திருங்க. தேனி மாவட்டம் குரங்கணியில 2018 மார்ச் மாசம் காட்டுத்தீயில மாட்டி மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல இறந்தாங்க, அதுல நெறைய பேரு நம்ம வயசு ஐடி வேலை பாக்கிற பொண்ணுங்க. அதுக்குப் பொறவுதான் மலையேற்றத்துக்குன்னு தனி விதிகளே வந்துச்சு. தீ பிடிக்கிற கோடை மாசங்கள்ல பாதைகளை மூடி வைக்கிறது நம்மளை தடுக்கிறதுக்கு இல்ல, போதைப்புல்லுன்னு சொல்ற காஞ்ச மலைப்புல்லு சரிவுல தீ மேல் நோக்கி போகும்போது ஆளால ஓடி ஜெயிக்க முடியாது, அதுக்காகத்தான். 2024 அக்டோபர்ல அரசாங்கமே ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைகளை திறந்து ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி வச்சிருக்கு, நம்ம திருநெல்வேலி பக்கத்து பாதைகளும் அதுல உண்டு, அந்தந்த ஊர்க்காரங்க, பழங்குடி மக்கள்ல இருந்து பயிற்சி குடுத்த வழிகாட்டிங்க கூட வருவாங்க. எங்க குழு இப்போ காட்டுக்குள்ள போகணும்னா இந்த வழியாத்தான் போகுது. காணி பழங்குடி மக்கள்ல ஒரு அண்ணன் எங்க கூட வந்தாங்க, அவங்க நடக்கிறதைப் பாத்தாலே பாதி பாடம், கால் வைக்கிற சத்தமே கேக்காது, ரெண்டடிக்கு ஒரு தடவை நின்னு மரத்துல என்ன கீறல், கீழ என்ன தடம்னு பாப்பாங்க. கிளை கிளையா தாவுற மலை அணிலையும், சிங்கவால் குரங்கு கூட்டத்தையும் எங்க பதினஞ்சு பேர் கண்ணுக்கு தெரியுறதுக்கு முன்னாடியே அவங்க பாத்துட்டாங்க.

அனுபவம் இல்லாதவங்களுக்கு மலைப்பாதைன்னா என்னன்னு பழக திருக்குறுங்குடி மலை நம்பி கோயில் நல்ல இடம். புது பஸ் ஸ்டாண்டுல இருந்து வெள்ளன பஸ் ஏறி களக்காடு வழியாவோ வள்ளியூர் வழியாவோ போகலாம். அடிவாரத்துல வனத்துறை செக்போஸ்ட் இருக்கு, பையை சோதிப்பாங்க, பிளாஸ்டிக் கவர், ஷாம்பு பாக்கெட் எல்லாம் எடுத்து வச்சிருவாங்க. மழை கனமா பெஞ்சா நம்பியாத்துல வெள்ளம் வரும், அப்போ விட மாட்டாங்க, அதனால கிளம்புறதுக்கு மொத நாளே விசாரிச்சுட்டு கிளம்புங்க. ஜீப்பும் போகுது, ஆனா நடந்து போங்க. மேல ஏற ஏற காத்து மாறும், கீழ வேர்த்த உடம்பு மேல குளிரும், ஆத்து சத்தம் ஒரு பக்கமாவே கூட வரும். நம்பாடுவான்னு ஒரு பக்தர் ராத்திரியில நடந்து வந்து பெருமாளுக்கு பாடுனார்னு கதை சொல்லுவாங்க, வழியில மறிச்ச பிரம்மராட்சசன்கிட்ட பாடிட்டு திரும்பி வாறேன்னு வாக்கு குடுத்து, சொன்ன மாதிரியே திரும்பிப் போனவர். திருக்குறுங்குடியில கைசிக ஏகாதசிக்கு இதை நாடகமாவே நடத்துறாங்க. எங்க கூட வந்த ஒரு ஆச்சி இந்த கதையை மூச்சு வாங்க வாங்க சொல்லிட்டே ஏறுனாங்க, அவங்களுக்கு அறுபதுக்கு மேல வயசு, எங்கள்ல யாரை விடவும் சீரா நடந்தாங்க. புரட்டாசி சனிக்கிழமை போகாதீங்க, கும்பிடுறதுக்கு நல்ல நாள்தான், நடக்கிறதுக்கு கூட்டம் தாங்காது.

வேகத்தைப் பத்தி அண்ணாச்சி சொல்றது ஒரே வார்த்தை, "பைய." பேசிட்டே நடக்க முடியணும், பேச்சு முறிஞ்சா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். குழுவுல யாரு ரொம்ப மெதுவா நடக்காங்களோ அவங்களை முன்னால விடுவாங்க, ரெண்டாவது மூணாவது ஆளா, லீடருக்கு பின்னால. மெதுவா நடக்கிறவங்க கடைசியில இருந்தா என்ன ஆகும்னா, முன்னால போறவங்க நின்னு இளைப்பாறி முடிச்ச நேரத்துலதான் அவங்க வந்து சேருவாங்க, வந்த உடனே எல்லாரும் கிளம்பிருவாங்க, அவங்களுக்கு மட்டும் ஓய்வே கெடைக்காது. இதை நான் வேற எந்த குரூப்லயும் பாக்கல. கடைசியில எப்பவும் அனுபவம் உள்ள ஒரு ஆளு, அவரைத் தாண்டி யாரும் பின்னால நிக்கக்கூடாது. பாதை பிரியுற எடத்துல எல்லாரும் நின்னு தலையை எண்ணிட்டுத்தான் அடுத்த அடி. எவ்வளவு நேரம் ஆகும்னு கணக்கு போட டீச்சர் ஒரு பழைய கணக்கு சொல்லிக்குடுத்தாங்க, 1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது, சமதரையில அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அது போக 600 மீட்டர் உயரம் ஏறுறதுக்கு இன்னொரு மணி நேரம். அவர் சொன்னது குளிர் தேசத்துல நல்லா பழகுன ஆளுக்கு, நம்ம வெயிலுக்கும் கலந்த கூட்டத்துக்கும் அதுல பாதியைக் கூட்டி வச்சுக்கோங்க. கூட்டி பாத்து சாயங்காலம் நாலு மணிக்குள்ள அடிவாரத்துக்கு வர முடியாதுன்னா அந்த பாதை அன்னைக்கு வேண்டாம்.

ஏறும்போது மூச்சு, எறங்கும்போது முட்டி. எறங்குறதுதான் ஆளை கவுக்கும். சின்ன அடியா வைங்க, முட்டியை லேசா மடக்கியே வைங்க, ஒரு கம்பு கையில இருக்கட்டும், லேஸை இன்னொரு தடவை இறுக்கி கட்டிருங்க. ஈரப் பாறையில பாசி புடிச்சிருந்தா அதுல காலே வைக்காதீங்க, செல்ஃபிக்காக அருவி மேல் பாறையில ஏறுறவங்களை எங்க குழு அடுத்த நடைக்கு கூப்பிடுறதில்ல.

அட்டையைப் பத்தி பயப்படுறவங்க நெறைய பேர். மழைக்காலம் ஈரக்காட்டுல இருக்கத்தான் செய்யும். புடிச்சு இழுக்காதீங்க, நகத்தால அது வாய் இருக்கிற எடத்தை பக்கவாட்டுல தள்ளி விட்டா விட்டுரும், தீயால சுடுறதெல்லாம் வேண்டாம். ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளை விடுது, அதனால கொஞ்ச நேரம் ரத்தம் வந்துட்டே இருக்கும், கழுவி துணியால அழுத்தி புடிச்சா போதும். பேண்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கிட்டு நடந்தா பாதி பிரச்சனை இல்ல. பாம்பு விஷயம் அப்படி இல்ல. கடிச்சா கட்டு போடாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க, கடிபட்ட காலை அசைக்காம கம்பு வச்சு தாங்கல் குடுத்து, நடக்க விடாம தூக்கிட்டு வந்து அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க, நம்ம ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி) மாதிரி பெரிய எடத்துல விஷமுறிவு மருந்து இருக்கு. மந்திரிக்கிறவங்ககிட்ட போற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். பாம்பைப் புடிச்சிட்டு போகணும்னும் இல்ல.

யானை, கரடி ரெண்டுக்கும் வழிகாட்டி என்ன சொல்றாங்களோ அதுதான் சட்டம். சென்ட் அடிச்சிட்டு வராதீங்க, பாட்டு போடாதீங்க, ஆனா வளைவுல கொஞ்சம் பேசிட்டே போகணும், நம்ம அம்பை, கடையம் பக்கத்து அடிவாரத்துல கரடி உண்டு, திடீர்னு முன்னால போய் நின்னா அது பயந்துதான் பாயும். லீடர் கையைத் தூக்குனா அந்த நிமிஷமே எல்லாரும் நிக்கணும், எதுக்குன்னு கேக்கிறதெல்லாம் பொறவு.

பொம்பளைங்களுக்கு கொஞ்சம் தனியா சொல்லணும், ஏன்னா நெறைய பேரு வராம இருக்கிறதுக்கு காரணம் இதுதான், வெளிய சொல்ல மாட்டாங்க. எங்க குழுவுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை லீடர் சத்தமா சொல்லுவாவ, "ஆம்பிளைங்க முன்னால போயி வளைவுல நில்லுங்க." பொம்பளைங்க பின்னால நிப்போம், எங்களுக்குன்னு ஒரு அக்கா காவலுக்கு. யாரும் யாருகிட்டயும் கேக்க வேண்டிய அவசியமே இல்ல. இது இல்லாத குழுவுல பொண்ணுங்க தண்ணி குடிக்காமலே நடப்பாங்க, அதனாலதான் மயங்கி விழுறாங்க. மாசவிலக்கு நாள்ல வரலாமா வேண்டாமாங்கிறது அவங்கவங்க முடிவு, வந்தா பேடை கெட்டியான கவர்ல சுத்தி வீட்டுக்கே கொண்டு வந்திருங்க, காட்டுல போடாதீங்க, புதைக்கவும் வேண்டாம், பன்னி தோண்டிரும். சுடிதார் போட்டா துப்பட்டாவை வீட்டுலயே வச்சிருங்க, முள்ளுல மாட்டும். முழுக்கை சட்டை, தளர்வான பேண்ட், பருத்தி நனைஞ்சா காய ரொம்ப நேரம் ஆகும், அதனால மழை நேரத்துல சீக்கிரம் காயுற டீசர்ட் நல்லது. என் வீட்டுல மொதல்ல அத்தைக்கு பிடிக்கல, தெரியாத ஆளுகளோட ஞாயித்துக்கிழமை பூரா எங்க போறன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி, அடுத்த வாரம் கால்வாய் கரை நடைக்கு அவங்களையே கூட்டிட்டு போனேன், அண்ணாச்சிக்கும் அவங்களுக்கும் பூர்வீகம் ஒரே ஊருன்னு தெரிஞ்சதும் அதோட பேச்சு முடிஞ்சிருச்சு.

நடக்கிறது மட்டும் இல்ல, வருசத்துல கொஞ்ச நாள் இந்த குழு துணி பொறுக்கவும் போகும். பாபநாசத்துல குளிச்சிட்டு உடுத்துன துணியை ஆத்துல விட்டா பாவம் போகும்னு யாரோ சொல்லி விட்டுட்டாங்க, சேலை, வேட்டி, பேண்ட் எல்லாம் பாறை இடுக்குல சுத்தி மக்காம கெடக்கும், மீனுக்கும் கேடு, குளிக்க வர்றவங்க காலையும் புடிச்சு இழுக்கும். அந்த தண்ணியைத்தான் கீழ திருநெல்வேலி, தூத்துக்குடி ரெண்டு ஜில்லாவும் குடிக்குது. ஈரச் சேலையை மண்ணோட சேத்து இழுக்கிறது எவ்வளவு கனம்னு இழுத்தாத்தான் தெரியும். தயவு செஞ்சு உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க, ஆத்துல குளிங்க, தர்ப்பணம் பண்ணுங்க, துணியை மட்டும் திரும்ப எடுத்துட்டு வந்திருங்க.

குழுவுல சேரணும்னு நெனைக்கிறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி சில கேள்வி கேளுங்க. அனுமதி யார் பேர்ல வாங்கியிருக்கீங்க, கடிதத்தை பாக்கலாமா? கடைசி ஆளு யாரு? முதலுதவி பெட்டி யாருகிட்ட, அவங்களுக்கு அதை பயன்படுத்த தெரியுமா? சிக்னல் இல்லாத எடத்துல எத்தனை மணிக்கு வரலைன்னா ஊர்ல இருந்து யாரு யாருக்கு போன் பண்ணுவாங்க? வேன் செலவுக்கு கணக்கு குரூப்ல போடுவீங்களா? எங்க குழுவுல ஒவ்வொரு நடைக்கும் ராத்திரியே கணக்கு வந்திரும், மிச்சம் அஞ்சு ரூபான்னாலும் எழுதியிருப்பாங்க, நான் கணக்கு வேலை பாக்கிறதால இதை கவனிச்சேன், பணத்துல சுத்தமா இருக்கிறவங்க மத்ததுலயும் சுத்தமா இருக்காங்க. இந்த கேள்வியை கேட்டதும் மூஞ்சி மாறுற எடத்துக்கு போகாதீங்க.

சின்ன பிள்ளைங்களை கூட்டிட்டு வரலாமான்னு நெறைய பேர் என்கிட்ட கேக்காங்க. எங்க குழுவுல பத்து வயசுக்கு கீழ உள்ள பிள்ளைகளை காட்டுப்பாதைக்கு எடுக்கிறதில்ல. ஆத்தங்கரை, கால்வாய், மருகால்தலை, கூந்தன்குளம் இதுக்கெல்லாம் தாராளமா வரலாம், கூட பெத்தவங்க யாராவது ஒருத்தர் நடக்கணும், வண்டியில வந்து எறக்கி விட்டுட்டு போகக்கூடாது. என் மகளுக்கு எட்டு வயசு, அவளுக்கு இன்னும் ரெண்டு வருசம் கால்வாய் கரைதான்.